படுக்கை மேஸ்திரியும் என் பளிங்குத் தரையும்

அவர் வீட்டுக்குள் வந்தார், செருப்பைக் கழற்றினார், நேராகக் கூடத்தின் நடுவே போய்க் குப்புறப் படுத்துவிட்டார். இடது கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது. கண் ஜன்னல் பக்கம் நிலைகுத்தி நின்றது. எனக்கு முதலில் தோன்றியது மாரடைப்பு. அடுத்தது ஆம்புலன்ஸ் எண். பதினோரு வருடமாக இந்த அயலூரில் குடியிருக்கிறேன். வந்த அன்றே மனப்பாடம் செய்த எண் அது. தினமும் ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அந்த நேரம் பார்த்து ஒரு இலக்கம்கூட நினைவுக்கு வரவில்லை.

"மேஸ்திரி?" என்றேன்.

"வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க சார்," என்றார் தரையிலிருந்து. "கொஞ்சம் தள்ளுங்க."

கட்டடத்துக் காவலாளி முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: பயப்படாதீங்க சார், வந்ததும் படுப்பார், அது அவர் பழக்கம் என்று. பயப்படாதீங்க என்ற சொல்லுக்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் என் காதில் ஏறாது. ஆறு மாடியிலும் அவருக்குப் படுக்கை மேஸ்திரி என்றுதான் பெயர். நின்றுகொண்டு பார்த்தால் தரை பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. கன்னத்தைத் தரையில் வைத்து, எதிர்வெளிச்சத்தில், எறும்பின் உயரத்திலிருந்து பார்த்தால்தான் மேடும் பள்ளமும் மங்கலும் கீறலும் தெரியுமாம்.

அவர் கதைக்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிட வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். என்னால் முடிந்த அளவு சுருக்கமாக.

என் வேலை எச்சரிக்கை எழுதுவது. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் மோட்டார் வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும் அல்லவா, யாரும் படிக்காமல் தூக்கிப்போடும் அந்தப் புத்தகம்தான் என் வாழ்நாள் படைப்பு. ஈரக் கையால் தொடாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பரிந்துரைக்கப்படாத திரவங்களைப் பயன்படுத்தாதீர்கள். பள்ளியில் பாதிப் பாடத்தை ஒரு மொழியிலும் மீதியை இன்னொன்றிலும் படித்தவன் என்பதால் இரண்டு மொழியிலும் எழுதுகிறேன். மற்றவர்கள் ஒரு மொழியில் பயப்படுகிறார்கள். எனக்கு இரண்டிலும் சரளமாக வரும்.

இப்படிப்பட்டவன், ஒரு மாலை நாற்காலிக்குப் பக்கத்தில் எலுமிச்சைச் சாறு இருந்த கண்ணாடித் தம்ளரைத் தரையில் வைத்தேன். எடுத்தபோது வளையல் அளவுக்கு ஒரு மங்கல் வட்டம் இருந்தது. துடைத்தேன், போகவில்லை. எந்தக் கறைக்கும் வினிகர் என்று யாரோ எங்கோ எழுதியிருந்ததை நம்பி வினிகர் ஊற்றினேன். வட்டம் தட்டு அளவாயிற்று. சோடாத் தூளைத் தூவித் தேய்த்தேன். தட்டு தாம்பாளமாயிற்று. பற்பசை போட்டுப் பழைய பிரஷ்ஷால் அரை நாள் தேய்த்தேன். கடைசியில் ஒரு ஆள் கை காலை நீட்டிப் படுக்கிற அளவுக்குக் கூடத்தின் நடுவே பாலேடு படிந்ததுபோல் ஆகிவிட்டது. சுற்றிலும் தரை கண்ணாடியாக மின்னியது. அதன் நடுவே என் அறிவு.

அதன்மேல் படுக்கையறைக் கம்பளத்தைப் போட்டு மூடினேன். மருத்துவமனையில் நர்ஸ் வேலை முடிந்து வந்த என் மனைவி, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், கம்பளம் ஏன் இடம் மாறியிருக்கிறது என்று கேட்டாள். நானாகவே எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அவள் குனிந்து கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். காயத்தின் கட்டைப் பிரித்துப் பார்க்கிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீங்க தொடாம விட்டிருந்தா அது வெறும் வட்டம்ங்க," என்றாள். கம்பளத்தை விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வட்டமோ வயலோ, சொந்த வீடாக இருந்தால் கம்பளத்தோடு காலம் தள்ளியிருக்கலாம். இது வாடகை வீடு. வீட்டுக்காரம்மா வேறு ஊரில் இருக்கிறார். கணவர் போன பிறகு தனியாக இருக்க முடியாமல் அக்கா வீட்டுக்குப் போய்விட்டவர். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அக்கா மகன் இந்த வீட்டைக் கேட்கிறானாம். எங்கள் மகளுக்குப் பள்ளியில் இதுதான் கடைசி வருடம், பள்ளி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் நீட்டித் தாருங்கள் என்று கேட்டிருந்தோம். அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றேன் தம்பி. தரையைப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

சமையலறையைப் பார்க்கிறேன் என்றோ சுவரைப் பார்க்கிறேன் என்றோ சொல்லவில்லை. தரையைப் பார்க்கிறாராம். அதிலும் எதை முதலில் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும். கூடத்து வெள்ளைப் பளிங்கில் ஜன்னலடியிலிருந்து சாப்பாட்டு மேசை வரை நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு ரேகை ஓடுகிறது, நடுவில் இரண்டு மூன்று கிளை பிரிந்து. சாவி கொடுத்த அன்று, இந்த ரேகையை மட்டும் பத்திரமாப் பாத்துக்கோங்க, எங்க வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடிச்சது என்று விரலை நீட்டிக் காட்டினார். என் பாலேடு அந்த ரேகையின் தொடையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

படுக்கை மேஸ்திரி வந்தது வியாழக்கிழமை காலை. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முழங்கையால் ஊர்ந்து நகர்ந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முழங்காலில் பழைய சைக்கிள் இருக்கையின் பஞ்சை வெட்டித் தைத்த உறை. காலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி காலுறை. ஒரு பக்கக் கன்னம் மட்டும் கொஞ்சம் தட்டையாகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

"இங்கேர்ந்து அந்த ஜன்னல் வரைக்கும் ஒரு ஆள் தெனமும் நடக்கறார்," என்றார். "கனமில்லாத ஆள். திரும்பறப்ப இடது குதிகாலை அழுத்தித் திரும்பறார். யாரு சார், வீட்ல உடம்பு சரியில்லாதவங்க யாராச்சும்?"

"அது இவர்தான் அண்ணா," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "வீட்டுக்காரம்மா போன் பண்ணா நடப்பார். பண்ணலைன்னா ஏன் பண்ணலைன்னு நடப்பார்."

அவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்த அதே பார்வை.

பிறகு பையிலிருந்து காகித டேப் உருளையும் ஒரு பென்சிலும் எடுத்தார். இதுதான் அவர் தொழிலில் பாதி என்று அப்போது எனக்குத் தெரியாது. தரையில் இதுவரை என்னென்ன கொட்டியது, எதைப் போட்டுத் தேய்த்தோம், யார் எதை இழுத்தார்கள், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு டேப் கிழித்து, அந்தந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, அதில் பென்சிலால் எழுதினார். வேலை முடிகிறவரை டேப் அங்கேயே இருக்கும். முடிந்ததும் எல்லாவற்றையும் உரித்து உருண்டையாக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு அந்தத் தரைக்கு முன்கதை கிடையாது. எந்த வீட்டில் யார் எதைப் போட்டு உடைத்தார்கள் என்று இன்றுவரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை என்று காவலாளி பிற்பாடு சொன்னார். சொன்ன விதத்தில், முயன்று பார்த்துத் தோற்ற வருத்தம் இருந்தது.

நான் சொன்னேன். எலுமிச்சை. வினிகர். சோடாத் தூள். பற்பசை. நான்கு டேப். பற்பசை என்று எழுதும்போது பென்சில் ஒரு கணம் நின்றது, ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

இவ்வளவுதான் இல்லை. ஐந்தாவதாக ஒன்று இருந்தது. பற்பசையும் பலிக்காத மறுநாள், மனைவி வேலைக்குப் போயிருந்தபோது, காருக்குப் பூசும் மெழுகு பாலிஷை எடுத்துப் பாலேடு முழுக்கப் பூசியிருந்தேன். அரை மணி நேரம் அற்புதமாக மின்னியது. அந்த அரை மணி நேரம் நான் அடைந்த ஆனந்தத்தை எழுதினால் வெட்கக்கேடு. பிறகு அது மங்கிப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. பரிந்துரைக்கப்படாத திரவங்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று இருநூறு புத்தகங்களில் எழுதியவன், காருக்கு என்று டப்பாவின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைத் தரையில் பூசினேன் என்று மனைவி கேட்கும் தூரத்தில் எப்படிச் சொல்வது?

அவர் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். அடியில் வட்டத் தகடு சுழலும், நீளக் கைப்பிடி, இரண்டு ஆள் கனம். வைரத்தூள் பதித்த வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டித் தேய்ப்பது: முதலில் சொரசொரப்பானது, பிறகு அதைவிடச் சன்னமானது, இப்படி ஏழெட்டு. தண்ணீர் ஊற்றி முதல் வில்லையை ஓடவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இயந்திரம் முனகியது. தரையில் கறுப்பாக, எண்ணெய்ச் சுழல்போல ஒரு வட்டம் விழுந்தது. கார் நிறுத்துமிடத்து வாடை கிளம்பியது.

அவர் சுவிட்சை அணைத்தார். வில்லையைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"சார்," என்றார். "ஒரு டேப் குறையுது."

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் ஐந்தாவது டேப்பைச் சொன்னேன். அவர் எழுதி ஒட்டினார். மனைவி அதைக் குனிந்து வாசித்துவிட்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து வெகு நேரம் பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது. கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த மெழுகை எடுக்கவே வியாழன் முழுவதும் போயிற்று. கரைப்பானில் நனைத்த துணியைப் போட்டு, ஒற்றி, மறுபடி போட்டு. காத்திருக்கும் நேரங்களில் அவர் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். நான் கேட்டதனால் அல்ல. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அதை நிறுத்துவதற்காக.

முதலில் அவர் லாரியில் மூட்டை ஏற்றுகிற ஆள். பளிங்கு வேலைக்கு வந்த முதல் நாள், யாரும் சொல்லித்தராமலே இயந்திரத்தைப் பிடித்தாராம். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் அது வலது பக்கம் பாயும், இறக்கினால் இடது பக்கம் பாயும். அவர் நேராகப் போக நினைத்து அழுத்தினார். அது அவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு வீட்டுக் கூடத்தில் அரை வட்டமாக உழுதுவிட்டது. அந்த வீட்டுக்காரர் கூச்சல் போடவில்லை, இதைச் சரிசெய்யும்வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஆறு ஞாயிற்றுக்கிழமை போனார். மூன்றாவதிலேயே சரியாகிவிட்டது. அடுத்த மூன்றும் அந்த வீட்டுப் பெண்ணுக்காக, தரையில் இல்லாத குறைகளைக் கண்டுபிடித்துக் கொண்டிருந்தாராம். ஏழாவது ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டார்.

"மாமனார் சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார் சார். தரையைக் கெடுத்தவனுக்குப் பொண்ணையும் குடுத்தேன், ரெண்டுல தரைதான் தேறுச்சுன்னு."

அவர் வீட்டில் என்ன தரை என்று கேட்டேன். சிமெண்டு என்றார். பளபளப்பான தரை இருந்தால் வீட்டில் படுத்தாலும் வேலை ஞாபகம் வந்துவிடுமாம்.

கதை கேட்ட உற்சாகத்தில் நானும் இயந்திரத்தைப் பிடித்துப் பார்க்கட்டுமா என்றேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை புரியவில்லை. அவர் மெல்லிய துணி வில்லையை மாட்டிக் கொடுத்தார். தூக்கக் கூடாது, இறக்கக் கூடாது, நடுவில் பிடிக்க வேண்டும் என்றார். வாழ்க்கையில் நான் எதையும் நடுவில் பிடித்ததில்லை. இயந்திரம் என்னைக் கூடத்தைக் கடந்து இழுத்துக்கொண்டு போய்ச் செருப்பு அலமாரியோடு சேர்த்து வைத்தது. அவர் ஓடிவரவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். "கைப்பிடியை விட்டுட்டா அதுவா நின்னுடும் சார்," என்றார். "விடணும்னு உங்களுக்குத் தோணலை, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை உண்மையான வேலை தொடங்கியது. தரையில் பால்போலக் குழம்பு ஓடியது. ஒவ்வொரு வில்லைக்குப் பிறகும் உறிஞ்சி எடுத்து, கழுவி, படுத்துப் பார்ப்பார். மதியம் வாக்கில் பாலேடு மறைந்துவிட்டது. நான் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுச் சுவரோரம் நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

ரேகையின் நடுப்பகுதியில் கிளைகளைக் காணவில்லை. கிளைகள் பிரிந்த இடத்தில் நேர்க்கோடாக ஒரு கறுத்த தழும்பு மட்டும் இருந்தது, அறுவைச் சிகிச்சை முடிந்த வயிறு மாதிரி. கல்லுக்குள் ஓடுகிற ரேகை தேய்த்தால் எப்படிப் போகும் என்று கத்தினேனோ, நினைத்தேனோ.

அவர் அதன் பக்கத்தில் படுத்தார். விரல் நகத்தால் கோட்டின்மேல் ஒரு முறை போய்வந்தார். வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"இது கல்லோட ரேகை இல்லை சார்," என்றார் கடைசியில். "என் கை. பன்னெண்டு வருஷம் முன்னாடி. ஆறு மாடியிலயும் எல்லா வீடும் ஒரே மாதிரி, வாசலையும் புதுசா மாத்திட்டாங்க, அதான் இந்த வீடு எனக்குப் பிடிபடலை."

கல்லில் விரிசல் விட்டிருந்ததாம். கல்லை மாற்றினால் பக்கத்துக் கல்லோடு சேராது, மாற்றியது யாருக்கும் தெரிந்துவிடும். விரிசலை மட்டும் பிசின் விட்டு நிரப்பினால் தையல் போட்டதுபோல் தெரியும். அதனால் கல்லில் ஏற்கனவே இருந்த ரேகையின் இரண்டு முனைகளையும் இந்த விரிசலோடு சேர்த்து, பக்கத்தில் கத்தி முனையால் மேலாகக் கீறி, நிறம் சேர்த்த பிசினை ஊற்றி, கிளை விட்டிருக்கிறார். விரிசல் ஆழம், அது நின்றுவிட்டது. கிளைகள் மேலோட்டம், இப்போது தேய்ந்துபோயின.

"யாருக்காகப் பண்ணீங்க?"

"டேப்பை உரிச்சாச்சு சார்."

"மேஸ்திரி, ஞாயித்துக்கிழமை அந்தம்மா வர்றாங்க. அவங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு மட்டுமாவது சொல்லுங்க."

"அப்ப இந்த வீட்ல ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தருக்குத் தெரியும். இன்னொருத்தருக்குத் தெரியாது. இதுக்குமேல கேக்காதீங்க."

கேட்காமலே இருந்திருக்கலாம். கணவர் உடைத்து மனைவியிடம் மறைத்தாரா? அப்படியானால், இறந்துபோன மனிதரின் ரகசியம் என் கையில். மனைவி உடைத்துக் கணவரிடம் மறைத்தாரா? அப்படியானால், ரேகையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னவருக்கு அது பொய் ரேகை என்பது தெரியும், எனக்குத் தெரியும் என்பது தெரியாது. முதலாவது என்றால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது, இரண்டாவது என்றால் எப்படி? ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன். புதிதாகத் தேய்த்த தரையில் நடக்காதீங்க சார் என்று அவர் சொன்ன பிறகு நின்ற இடத்திலேயே நடந்தேன்.

"யார் உடைச்சா நமக்கென்ன?" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க. போதும்."

உலகத்தில் வேறு எதைக் கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

கிளைகளை மறுபடி வரைய வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எந்தக் கிளை எங்கே போயிற்று என்று அவருக்கு நினைவில்லை. பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகத்தோடு கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக என் நோய்க்கு ஒரு பயன் கிடைத்தது. குடிவந்த அன்று, பிற்காலத்தில் நம்மீது பழி வந்துவிடக் கூடாதே என்று இந்த வீட்டின் ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்து வைத்திருந்தேன். இருநூற்றுப் பதினாலு படங்கள், எண் போட்டு, அளவு தெரியப் பக்கத்தில் அடிக்குச்சி வைத்து. ரேகைக்கு மட்டும் ஒன்பது. அதில் மூன்றில் என் கட்டைவிரல் விழுந்திருக்கிறது.

அவர் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வாடகைக்காரரை நான் பாத்ததில்லை சார்," என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். மனைவி எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை முழுக்க அவர் அந்த இரண்டடி இடத்தை விட்டு நகரவில்லை. பீங்கான் தட்டில் பிசினைக் குழைத்தார். வெறும் சாம்பல் நிறம் போதாது, ஒரு துளி நீலம், ஊசி முனை அளவு பழுப்பு. கல்லை ஈரமாக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஈரத்தில் தெரிகிற நிறம்தான் பாலிஷுக்குப் பிறகு நிற்கும் நிறமாம். கத்தியால் கீறும்போது கையை நடுங்க விட்டார். வயதின் நடுக்கம் என்று நினைத்து நான் கலங்க, "கல்லு கோடு போடறப்ப ஸ்கேல் வச்சுப் போடாது சார்," என்றார் படுத்தபடியே. சாயங்காலத்துக்குள் பிசின் இறுகியது. தேய்த்தார். ரேகை ஓடியது. நான் அடிக்குச்சியை எடுத்து வந்து அளந்து பார்க்க, அவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

ஞாயிறு காலை ஜன்னலோர மூலை ஒன்று மட்டும் பாக்கி. எட்டு மணிக்கு வந்தவர், ஒன்பதரைக்குள் முடித்துவிட்டு வீட்டுக்காரம்மா வருவதற்குமுன் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது பத்துக்கு அழைப்புமணி அடித்தது. எழுபது வயதில் எல்லோரும் ஏன் ஐம்பது நிமிடம் முன்னால் வருகிறார்கள் என்று யாராவது ஆராய வேண்டும்.

கதவைத் திறந்தேன். வீட்டுக்காரம்மா ஊன்றுகோலோடு உள்ளே வந்தார். நான் எதிர்பார்த்தபடி அவர் கண் நேராக ரேகைக்குத்தான் போனது. அங்கிருந்து மூலைக்குப் போனது. மூலையில் மேஸ்திரி படுத்திருந்தார்.

அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். அடையாளம் தெரிந்த முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், தெருவில் கடன்காரரைப் பார்த்தால் நானே அப்படித்தான் மாறுவேன். மேஸ்திரி எழுந்து உட்கார்ந்தார். கையைத் துணியில் துடைத்தார். "வாங்கம்மா," என்றார், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போல. "இன்னும் அரை மணி நேரம். இந்த மூலை மட்டும்தான்."

வீட்டுக்காரம்மா அவரைப் பார்த்தார், ரேகையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தது தெரிந்தது.

"தம்பி, இவரு உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

எனக்கு விடை கிடைத்துவிட்டது. உடைத்தது அவரேதான். இல்லையென்று வெறுமனே தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் அந்த ஒரு தலையாட்டலுக்குள் எத்தனை அர்த்தம் அவர் கண்டுபிடிப்பாரோ என்று கிலி பிடித்தது. அந்த அமைதியை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும் என்று தோன்றியது. கையில் இருந்ததெல்லாம் என் குற்றம்தான். அதை எடுத்துக் கொட்டினேன். எலுமிச்சைச் சாறு. வினிகர். சோடாத் தூள். பற்பசை. கார் பாலிஷ். கம்பளம் போட்டு மூடியது. டேப்பில் பொய் சொன்னது. செருப்பு அலமாரி. மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது, வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் அவகாசம் கொடுப்பார் என்றுகூட நானே கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மனைவி ஓடினாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பற்பசையா?" என்றார்.

"பிரஷ் வச்சு, அம்மா," என்றாள் மனைவி. "அரை நாள்."

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் ஊன்றுகோலின் நுனியை ரேகையின்மேல் வைத்தார். மேஸ்திரி மூலையில் வில்லையை மாற்றுவதுபோல எதையோ மாற்றிக்கொண்டிருந்தார்.

"என் கணக்குல ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் வீட்டுக்காரம்மா. "இஸ்திரிப்பெட்டி. கை நழுவலை. எறிஞ்சேன்."

அவராகவே சொன்னார். கணவர் வேலையாக வெளியூர் போய் இரண்டு மாதம். தினமும் போனில் இரண்டு நிமிடம் பேசுவார், சாப்பிட்டியா தூங்கினியா என்று, அந்த இரண்டும்தான். ஒருநாள் போனை வைத்த கையோடு, அவர் வழக்கமாக உட்கார்கிற காலி நாற்காலியைப் பார்த்து எறிந்திருக்கிறார். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் காவலாளி மூலம் மேஸ்திரியைப் பிடித்து வேலையை முடித்தாயிற்று.

"அவரு வந்து மூணாம் நாள் இதைப் பாத்தார். இத்தனை வருஷம் நம்ம கண்ணுல படவே இல்லையே, ஆறு மாதிரி ஓடுது பாருன்னார். அதுக்கப்புறம் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்டுவார். நான் காபித் தட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பேன். கடைசி வரைக்கும் காட்டிக்கிட்டேதான் இருந்தார்."

மனைவி அவர் தோளில் கைவைத்தாள். நான் எதையாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டேன், நிஜமாகவே கையால்.

வீடு எங்களுக்குத்தான் என்றார். மகளின் படிப்பு முடியட்டும், அதற்குமேலும் இருப்பதானால் இருங்கள் என்றார். அக்கா மகனுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டது நான்தான். நல்ல செய்தியை அப்படியே வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

"அவன் இதுக்குமேல மரப்பலகை போட்டு மூடப் போறானாம்," என்றார். "வேற யாராவது வந்தாலும் அவங்ககிட்ட மறுபடி முதல்லேர்ந்து விரலை நீட்டிக் காட்டி நடிக்கணும். எனக்கு முடியலை தம்பி. நீங்க இருங்க. உங்ககிட்ட நடிக்க வேண்டாம்."

அப்போதுதான் மேஸ்திரி எங்கள் பக்கம் திரும்பினார். இயந்திரத்தின் ஒயரைச் சுவரில் செருகினார்.

"அம்மா, காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க," என்றார். "தண்ணி வரும்."

வீட்டுக்காரம்மா ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு, இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் விளிம்பில் வைத்துக்கொண்டார். பால் நிறத் தண்ணீர் அவருக்கு அடியில் ஓடி ரேகையைக் கடந்து போயிற்று. இயந்திரம் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் மனைவி அவர் காதருகே குனிந்து ஏதோ சொல்ல, இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.